வெள்ளாவி அடுப்பின் பின்சுவர்

சின்னவளின் சமையலறைச் சுவர் வெள்ளையாக இருக்கும். பெரியவளின் வயிற்றெரிச்சல் தொடங்கிய இடம் அதுதான். "கல்யாணம் ஆகி வந்தப்ப அடிச்ச சுண்ணாம்புக்கா, இன்னும் அப்படியே இருக்கு" என்று சின்னவள் ஒருநாள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பெரியவள் அதைச் சாதாரணமாகக் காதில் வாங்கவில்லை. தன் வீட்டுக்குத் திரும்பியதும் அடுப்படிச் சுவரை விரலால் தேய்த்துப் பார்த்தாள். விரல் கறுத்தது. அந்த விரலைப் புருஷன் மூக்குக்கு நேராக நீட்டி, "இதான் இந்தக் குடும்பம் எனக்குப் போட்ட மோதிரம்" என்றாள். மூத்தவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "சோப்பு போட்டா போயிடும்" என்றார்.

அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்டதால் வந்த பெயர்கள் பெரியவள், சின்னவள். தம்பியான இளையவர் நகரத்தில் பேருந்து நடத்துநர். பேருந்துகள் வளைந்து திரும்புகிற முனையில், ஒரு பேக்கரிக்கு மேலே மாடி வீடு. கீழே தெருவிலேயே சின்னவள் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். மூத்தவர் வழி வந்ததோ பரம்பரை வீடும் அதன் பின்னாலிருந்த தகரக் கொட்டகையும். நெடுஞ்சாலை ஓரத்து விடுதிகளிலிருந்து அழுக்கு விரிப்புகளை வேனில் கொண்டுவந்து கொட்டுவார்கள். பெரியவள் அவற்றை அண்டாவில் போட்டு, சோடா கலந்து, ஆவியில் அவித்து வெள்ளாவி வைத்து, அலசி, உலர்த்தி, மடித்துக் கொடுப்பாள். யார் யாரோ படுத்து எழுந்த துணி அவள் கையில் பட்டுப் புதுசாகிப் போகும். மர அறுவை மில்லின் கழிவுப் பலகைதான் விறகு. ஈரப் பலகை என்றால் புகை கொட்டகையை நிரப்பிவிடும். உள்ளே அவள் இருக்கிறாளா இல்லையா என்று இருமலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்தப் புகையே அவளுடைய சொத்து. நகையில் சின்னவள் கை ஓங்கியிருக்கலாம், வீட்டில் ஓங்கியிருக்கலாம். கஷ்டத்தில் பெரியவளை அடிக்க ஆளில்லை. உறவு கூடும் இடத்தில் யாராவது சின்னவளிடம் "கடையையும் வீட்டையும் எப்படித்தான் பாத்துக்கறயோ" என்று இரக்கப்பட்டால் போதும், பெரியவளுக்கு உடனே இருமல் வரும். அடுத்தவர் இரக்கத்தைக்கூடப் பங்கு போட்டுக்கொள்ள அவளுக்கு மனசில்லை.

அவள் வாழ்க்கையில் இன்னொரு பகையாளி, செங்கல் சூளைக்காரன். உலர்த்திய விரிப்பில் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தால் அவ்வளவுதான். விரிப்பை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு வயலைக் குறுக்கே தாண்டிப் போய்ச் சூளை வாசலில் நின்று சத்தம் போடுவாள். "உன் புகை என் சோத்துல மண்ணைப் போடுதுய்யா!" அவனும் சளைத்தவனில்லை. "காத்து அந்தப் பக்கம் அடிக்கவே இல்லையேம்மா" என்பான். "காத்து உன்கிட்ட சொல்லிட்டா அடிக்கும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவாள். தன் கொட்டகைத் தகரத்துக்கு மேலே எழும் புகை எந்தப் பக்கம் போகிறது என்று அவள் அண்ணாந்து பார்த்ததே இல்லை. தன் முதுகு யாருக்குத்தான் தெரிகிறது?

இப்படி இருந்தவளுக்குத்தான் ஒரு யோகம் அடித்தது. சின்னவளின் மகளுக்கு மூச்சிரைப்பு வந்தது.

யோகம் என்று சொல்லக் கூடாதுதான். ஆனால் பெரியவள் மனசுக்குள் அந்த வார்த்தைதான் வந்தது, மறைத்து என்ன பயன்? சின்ன உடம்பு, ஓயாத வாய், அதனால் எல்லாருக்கும் அவள் குருவி. பஸ் முனை வீட்டில் காலையில் எழுந்தாலே நெஞ்சு விசிலடித்தது. "கொஞ்ச காலம் காத்தோட்டமான இடத்துல வச்சுப் பாருங்க" என்றார் டாக்டர். காற்றோட்டமான இடம் என்றால் வேறெது? பெரியப்பா வீடு. குருவி ஒரு பையும் ஒரு கரடி பொம்மையுமாக வந்து இறங்கினாள். பெரியவளுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் ஆண், இரண்டும் வேறு ஊரில் வேலை. போனில் "சாப்டியாம்மா?" என்று கேட்பதோடு அவர்கள் கடமை முடிந்தது. பின்னிவிட ஒரு ஜடைக்கு ஏங்கிக் கிடந்த கைக்குக் குருவியின் தலை வாய்த்தது.

ஒரு வருஷம் ஓடிற்று. குருவி பெரியம்மாவோடு சாப்பிட்டாள், பெரியம்மாவோடு தூங்கினாள், பெரியம்மாவைப் போலவே இடுப்பில் கை வைத்துக்கொண்டு சூளைக்காரனைத் திட்டினாள். எல்லாம் சரி. ஆனால் சனிக்கிழமை மத்தியானம் சின்னவள் வந்து இறங்குவாள். குருவி எங்கே இருந்தாலும் ஓடிப்போய், இடுப்பில் தொற்றி ஏறி, அம்மாவின் கழுத்தில் மூக்கைப் புதைத்துக்கொள்வாள். பேச மாட்டாள், அசைய மாட்டாள், மோந்துகொண்டே இருப்பாள். "அம்மா வாசனை" என்பாள் கடைசியில். அந்த நேரம் பெரியவள் கையில் எது இருந்தாலும் அது கொஞ்சம் சத்தத்தோடு கீழே வைக்கப்படும்.

"எனக்கு என்னடி வாசனை?" என்று ஒருமுறை பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

குருவி யோசிக்கவே இல்லை. "பெரியம்மா புகை."

குழந்தை மனசில் கள்ளம் இல்லை. அதனால்தான் அது சுருக்கென்று தைத்தது. அன்று பெரியவள் தலைக்கு சோப்பு போட்டாள், அலசினாள், முகர்ந்தாள், மறுபடி போட்டாள். விடுதியின் அழுக்கையெல்லாம் வெளுத்தவளுக்குத் தன் தலைமுடியிலிருந்து புகையை எடுக்கத் தெரியவில்லை. சின்னவள் அப்படி என்ன செய்கிறாள்? கேஸ் அடுப்பைத் திருகுகிறாள், ஜெராக்ஸ் பொத்தானை அழுத்துகிறாள். அந்த வேலைக்குக் கழுத்தில் பிள்ளை, இந்த வெள்ளாவி வேலைக்கு மூக்கில் கரி. இந்த நியாயத்தை யாரிடம் போய்க் கேட்பது?

குருவியின் இருமல் முதலில் குறைந்ததுபோல இருந்தது. பிறகு திரும்ப வந்தது. "நகரத்துப் புகை உள்ள தங்கிப் போச்சு. அது வெளிய வர நாளாகும்" என்று பெரியவள் தீர்ப்புச் சொன்னாள். கேட்பவர்கள் தலையாட்டினார்கள். பச்சை வயல், திறந்த வானம், இங்கே எப்படிக் கெட்ட காற்று வரும்?

பள்ளிக்கூடம் சேர்க்கும் பருவம் வந்தபோதுதான் பேச்சு முற்றியது. குருவியை நகரத்தில் சேர்ப்பதா, இங்கேயே சேர்ப்பதா? இங்கே சேர்த்தால் அவள் இங்கேதான் வளர்வாள். பெரியவளுக்கு அதைத் தவிர வேறு நினைப்பில்லை. சின்னவளோ பிடி கொடுக்காமல், "பாப்போம்க்கா" என்று ஒரே வார்த்தையில் நழுவினாள்.

அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தாள் காற்றுக்காரி. காற்றை ஆராய்கிற ஏதோ அலுவலகத்துப் பெண். முதுகில் பை, கையில் பெட்டி, வீடு வீடாக ஏறி, "உங்க வீட்டுக் காத்தைக் கொஞ்சம் அளந்துக்கட்டுமா?" என்று கேட்டதால் அந்தப் பெயர். நகரத்திலும் சுற்றுப்புற ஊர்களிலும் காற்றில் மிதக்கிற கரி எங்கே இருந்து வருகிறது என்று பார்க்கிறார்களாம். நெஞ்சு உயரத்தில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னப் பை. அதற்குள் ஒரு குட்டிப் பம்பு ஈ மாதிரி ரீங்காரமிடும். காலர் ஓரம் ஒரு குழாய். குழாய் இழுக்கிற காற்று, உள்ளே இருக்கும் வெள்ளைத் தாள் வட்டு வழியாகப் போகும். காற்று போய்விடும், கரி தங்கிவிடும்.

"கரி எல்லாம் ஒரே கறுப்புத்தானே. அது பஸ்ஸா அடுப்பான்னு எப்படிம்மா கண்டுபிடிப்பீங்க?" என்று மூத்தவர் கேட்டார்.

"பாக்கத்தான் ஒரே கறுப்பு சார். அதுமேல வேற வேற கலர் வெளிச்சத்தைக் காட்டுவோம். டீசல் கரி எல்லா வெளிச்சத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி குடிச்சுடும். விறகுப் புகை ஊதாப் பக்கத்து வெளிச்சத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் கூடக் குடிக்கும். அந்த வித்தியாசத்தை வச்சுக் கணக்குப் போட்டுடலாம்."

பெரியவளுக்கு வெளிச்சம் குடிக்கிற கதை புரியவில்லை. ஆனால் வேறொன்று பளிச்சென்று புரிந்தது. "எங்க குடும்பம் நகரத்துலயும் இருக்கு. பஸ் திரும்பற முனையில. அங்கயும் ஒண்ணு மாட்டுங்க" என்றாள். காற்றுக்காரிக்கு அது கரும்பு தின்னக் கூலியாயிற்று. ஒரே குடும்பம், இரண்டு இடம், ஒப்பிட வசதி. பெரியவளுக்கும் வசதிதான். பஸ் முனையின் கறுப்பை ஒரு மிஷினே வாய் திறந்து சொல்லிவிட்டால், அப்புறம் சின்னவளால் "பாப்போம்க்கா" என்று சொல்ல முடியுமா? போனிலேயே பேச்சு முடிவாயிற்று. இரண்டு வட்டுகளும் வரட்டும். எந்த வீட்டுக் காற்று நல்ல காற்றோ அந்த வீட்டுப் பள்ளிக்கூடம். சின்னவளும் ஒத்துக்கொண்டாள்.

போனை வைத்த பிறகுதான் பெரியவளுக்கு ஒன்று உறைத்தது. பையை மாட்ட வேண்டியது அவள். அவள் நிற்பது அண்டா அடுப்பின் முன்னால். விடுதியிலிருந்து இரண்டு வேன் விரிப்பு வந்து குவிந்திருந்தது. அன்றைக்கென்று அடுப்பை அணைத்து வைக்க வழியில்லை. அடுப்பின் முன் பையோடு நின்றால் வட்டு என்ன நிறத்தில் வரும்? வாழ்நாள் முழுக்க எந்தப் புகையைக் காட்டி இரக்கம் சம்பாதித்தாளோ, அந்தப் புகையே இப்போது அவள் காலை வாரப் பார்த்தது.

காற்றுக்காரி காலையில் வந்து பையை மாட்டி, "குளிக்கறப்ப மட்டும் கழட்டுங்கக்கா. மத்த நேரம் உங்க மேலயே இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தெரு திரும்பும்வரை பெரியவள் காத்திருந்தாள். பிறகு பையைக் கழற்றிக் குருவியின் கழுத்தில் மாட்டினாள்.

அதற்கு ஒரு நியாயமும் அவளிடம் தயாராக இருந்தது. குருவிக்கு நல்ல காற்று எங்கே என்பதுதானே கேள்வி? அப்படியானால் குருவியின் காற்றை அளப்பதுதானே நேர்மை? கிழவியின் காற்று யாருக்கு வேண்டும்? பிள்ளை வாசலில் மரத்தடியில் விளையாடும், வட்டு பால்போல வரும். பொய் சொல்கிறவர்களுக்கு நியாயம் எப்போதும் கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கும்.

"இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கற ரகசியம். யார்கிட்டயும் சொல்லக் கூடாது. முன்னாடியே விளையாடணும், கொட்டகைப் பக்கம் வரக் கூடாது. தெரிஞ்சுதா?"

குருவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினாள். ரகசியம் என்றால் அவளுக்கு உயிர்.

பெரியவள் அன்று முழுக்கக் கொட்டகையில் கிடந்தாள். எட்டிப் பார்த்தபோதெல்லாம் பின்கட்டில் குருவி இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று நெஞ்சு நிறைந்தது. சின்னவள் பேச்சை இப்படிக் கேட்குமா என்றும் ஒரு நினைப்பு ஓடியது. மறுநாள் காலை பையைத் திரும்பத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, காற்றுக்காரி வந்தபோது ஒன்றுமே அறியாதவள்போல நின்றாள்.

முடிவோடு காற்றுக்காரி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சின்னவளும் இளையவரும் வந்திருந்தார்கள். பெரியவள் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டிருந்தாள். கல்யாணம் பேச வந்த வீடுபோல இருந்தது.

காற்றுக்காரி முதலில் சின்னவளின் வட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். சாம்பல் நிறம். பெரியவளுக்கு உள்ளே மேளம் கொட்டியது. "இதுல பெரும்பங்கு டீசல். பஸ் நின்னு திரும்பற இடம் இல்லையா, ஜன்னல் வழியா நேரா உள்ள வருது. இன்னொண்ணும் இருக்கு. காலையில விறகுப் புகையும் கலந்திருக்கு."

"விறகா? எங்க தெருவுலயா?" என்றாள் சின்னவள்.

"கீழ பேக்கரியில விறகு அடுப்பு இருக்கு. நாங்களும் போய்ப் பாத்தப்புறம்தான் தெரிஞ்சுது. நகரம்னா வண்டிப் புகை மட்டும்தான்னு எல்லாரும் நினைக்கறோம்."

பிறகு இரண்டாவது வட்டு. அதை வெளியே எடுப்பதற்கு முன் காற்றுக்காரி ஒரு கணம் தயங்கினாள்.

அது கறுப்பு. சாம்பல் இல்லை, பழுப்பு இல்லை, அடுப்படிச் சுவரைத் தேய்த்த விரல் எப்படி இருந்ததோ அப்படிக் கறுப்பு. "இந்த ஊர்ல இதுவரைக்கும் நாங்க எடுத்ததுலயே இதுதான் அதிகம். கிட்டத்தட்ட முழுக்க விறகுப் புகை. உங்க அடுப்புதான்க்கா. விரிப்பு கொண்டு வர்ற வேன் இஞ்சினை அணைக்காம நிக்குதே, அந்த டீசல் கொஞ்சம்."

"சூளை?" என்று கேட்டார் மூத்தவர்.

"சூளைக்கிட்ட தனியா ஒரு பெட்டி வச்சிருந்தோம் சார். அந்த நாள்ல காத்து எதிர்ப் பக்கமாப் போயிட்டிருந்தது. இங்க வரவே இல்லை."

மிஷின் பொய் சொல்கிறது என்றுதான் பெரியவள் முதலில் நினைத்தாள். பிள்ளை மரத்தடியில் விளையாடிய காற்று எப்படிக் கறுக்கும்? ஆனால் அதைச் சொல்ல வாய் திறக்க முடியாதே. அவள் திணறிக்கொண்டிருந்தபோது எதிர்பாராதது நடந்தது. சின்னவள் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு புகையாக்கா குடிச்சிருக்கீங்க? இத்தனை வருஷமா? நீங்க இருமறப்பல்லாம் நான்... நடிக்கறீங்கன்னுகூட நினைச்சிருக்கேன்க்கா."

இளையவர் தலையைக் குனிந்துகொண்டார். எந்தக் காலத்திலும் எதற்கும் அசையாத மூத்தவர்கூட பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நாம ஒரு கேஸ் அடுப்பு வாங்கியிருக்கணும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். எத்தனை வருஷம் இருமி இருமிக் கேட்ட வார்த்தைகள்! இந்த ஒரு காட்சிக்காகவே அவள் எத்தனை விசேஷ வீடுகளில் மூலையில் உட்கார்ந்து மூச்சு வாங்கியிருக்கிறாள்! இப்போது மொத்தமாகக் கிடைத்தது. வாங்கிக்கொள்ளத்தான் கை வரவில்லை. ஏனென்றால் அந்த மூச்சு அவளுடையது இல்லை.

அறை மூலையில் குருவி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"டீ போட்டுட்டு வரேன்" என்று பெரியவள் எழுந்தாள். போகிற போக்கில் குருவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். குனிந்து, குரலை அடக்கி, "அன்னைக்குப் பையை மாட்டிவிட்டேனே, நீ எங்கடி இருந்த?" என்றாள்.

"முன்னாடிதான்."

"நிஜத்தைச் சொல்லு. நான் அடிக்க மாட்டேன்."

குருவி அவளைக் கொட்டகையைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனாள். பின்சுவரை ஒட்டி விறகுப் பலகைகள் அடுக்கியிருந்தன. அடுக்குக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. பெரியவர்கள் யாரும் நுழைய முடியாது. அங்கே ஒரு பழைய விரிப்பு மடித்துப் போட்டிருந்தது. கரடி பொம்மை உட்கார்ந்திருந்தது. புகை படிந்து அதன் நிறமே தெரியவில்லை. சுவரில் மண் உதிர்ந்து ஒரு பொந்து. உள்ளே நிறைகிற புகையெல்லாம் அந்தப் பொந்து வழியாகத்தான் வெளியே பிதுங்குகிறது என்பது விளிம்பைப் பார்த்தாலே தெரிந்தது.

"இது என் வீடு. தினமும் இங்கதான் இருப்பேன்" என்றாள் குருவி. பிறகு திருட்டுத்தனமாகச் சிரித்து, "இங்கேருந்து பாத்தா பெரியம்மா தெரியும். பெரியம்மாவுக்கு நான் தெரிய மாட்டேன்."

பெரியவள் பக்கவாட்டில் உடம்பைத் திருகி, தலையை மட்டும் நீட்டி, பொந்தில் கண்ணை வைத்தாள். நேர் எதிரே தன்னுடைய மணை தெரிந்தது. தினமும் அவள் உட்கார்கிற மணை. பக்கத்தில் ஊதுகுழல். அவள் எட்டிப் பார்த்த வாசற்படி, அவள் தேடிய பின்கட்டு, எல்லாம் இங்கேயிருந்து தெரிந்தன. ஒரு வருஷமாக ஒரு பிள்ளை இந்தப் பொந்தில் முகத்தை வைத்துக்கொண்டு அவளையே பார்த்திருக்கிறது. அவள் விட்ட புகையை நேராக வாங்கிக்கொண்டு பார்த்திருக்கிறது. சின்னவளைக்கூட இந்தப் பிள்ளை இப்படி ஒளிந்து நின்று பார்த்ததில்லை. அந்த நினைப்பு வந்ததும் ஒரு கணம் தித்தித்தது. அடுத்த கணமே அந்தத் தித்திப்பு கசந்தது. கண் எரிந்தது, அடுப்பு எரியாதபோதே.

டீ போடாமலே திரும்பினாள். கூடத்தில் பேச்சு முடிந்திருந்தது. சின்னவள்தான் சொன்னாள்.

"நாங்க பேசிட்டோம்க்கா. அந்தக் கரி நீங்க அடுப்புகிட்ட நிக்கறதால வந்தது. குருவி முன்னாடிதானே விளையாடறா. எங்க வீட்டுல ஜன்னலைத் திறந்தா டீசல், மூடினா பேக்கரி. அவ இங்கயே இருக்கட்டும். பள்ளிக்கூடமும் இங்கயே சேத்துடலாம். உங்களுக்கு கேஸ் அடுப்புக்கு நாங்க ஏற்பாடு பண்றோம்." சொல்லி முடிக்கும்போது சின்னவளின் உதடு கோணிற்று. விட்டுக்கொடுப்பது அவளுக்கும் லேசில்லை.

கேட்டது எல்லாம் வந்துவிட்டது. பிள்ளை, இரக்கம், கேஸ் அடுப்பு, சின்னவளின் தோல்வி. பேசாமல் இருந்தால் போதும். கொட்டகை மறைவில் ஒரு பொந்து இருப்பது யாருக்குத் தெரியும்? பொந்தை அடைத்துவிடலாம், விறகை நகர்த்திவிடலாம், குருவியை முன்பக்கமே வைத்திருக்கலாம். இனிமேல் ஜாக்கிரதையாக இருந்தால் ஆயிற்று. நியாயங்கள் வழக்கம்போல வரிசையில் வந்து நின்றன. குருவி அவள் இடுப்பில் சாய்ந்து இருமினாள். நெஞ்சுக்குள் அந்த மெல்லிய விசில் சத்தம். ஒரு வருஷமாக நகரத்துப் புகை என்று பெரியவள் பெயர் வைத்திருந்த சத்தம் அது.

"அந்தப் பையை நான் மாட்டல" என்றாள் பெரியவள்.

யாருக்கும் புரியவில்லை.

"குருவி கழுத்துல மாட்டிவிட்டேன். எனக்கு வெள்ளையா வரணும்னு. உன் வட்டைவிட வெள்ளையா வரணும்னு." சின்னவளைப் பார்த்துத்தான் சொன்னாள். "அது அவ மூச்சு. நான் அடுப்புக்கு இந்தப் பக்கம் இருக்கேன், அவ சுவருக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கா. போய்ப் பாத்துக்கோ."

சின்னவள் பின்பக்கம் போனாள். காற்றுக்காரியும் போனாள். மூத்தவர் போகவில்லை, பெண்டாட்டியை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்தபோது சின்னவளின் கையில் கரடி பொம்மை இருந்தது. அடிப்பாள், கத்துவாள், இத்தனை வருஷத்துப் பாக்கியையும் சேர்த்துக் கொட்டுவாள் என்று பெரியவள் நிமிர்ந்து நின்று காத்திருந்தாள். சின்னவள் குருவியின் துணிகளை எடுத்துப் பையில் அடுக்க ஆரம்பித்தாள். காற்றுக்காரி தாழ்ந்த குரலில் இளையவரிடம், தெருப்பக்க அறையை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் அறையில் பிள்ளையைத் தூங்க வைக்கச் சொன்னாள். பேக்கரிக்காரரோடு தானே பேசுவதாகவும் சொன்னாள்.

பேருந்து நிறுத்தம்வரை பெரியவளும் போனாள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேருந்து வரும் நேரத்தில் சின்னவள் வாயைத் திறந்தாள்.

"சொல்லாம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரிஞ்சிருக்காது."

"நான் உங்களை மன்னிக்கல. அது வேற." சின்னவள் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஆனா ஒண்ணு சொல்றேன். பண்டிகைக்கு எங்க வீட்டுக்கு வந்து தூங்கறப்பல்லாம் தூக்கத்துல 'பெரியம்மா'ன்னுதான் கூப்பிடுவா. ஒரு தடவைகூட அம்மான்னு கூப்பிட்டதில்ல. அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு வயிறு எரியும் தெரியுமா?"

என்ன சொல்ல! அந்த நிலைமையிலும் பெரியவளுக்கு அது இனித்தது. முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்கக் கஷ்டப்பட்டாள்.

பேருந்து வந்து நின்றது. இளையவர் பைகளை ஏற்றினார். படியில் கால் வைத்த குருவி திடீரென்று திரும்பி ஓடி வந்தாள். பெரியவளின் இடுப்பில் தொற்றி ஏறினாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு, காதுக்குக் கீழே மூக்கைப் புதைத்துக்கொண்டாள். பேசவில்லை, அசையவில்லை, மோந்துகொண்டிருந்தாள். சனிக்கிழமைதோறும் எதைப் பார்த்துப் பெரியவள் பாத்திரத்தைத் தடாரென்று வைத்தாளோ, அது.

காலையில் வெள்ளாவி அடுப்பின் முன் நின்ற தலைமுடி. கழுத்தெல்லாம் புகை.

"வேணாம்டி, எறங்கு" என்றாள் பெரியவள். "புகை."

"தெரியும்" என்றாள் குருவி, மூக்கை எடுக்காமல்.

பெரியவள் அந்தச் சின்னக் கைகளைத் தன் கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரித்து, பிள்ளையைச் சின்னவளிடம் நீட்டினாள். சின்னவள் வாங்கிக்கொண்டாள். பேருந்து உறுமி, பின்பக்கம் ஒரு கறுப்புப் புகையைக் கக்கிவிட்டுக் கிளம்பியது. அதைத் திட்ட வாயெடுத்த பெரியவள், திட்டாமல் திரும்பி நடந்தாள்.

வீட்டில் அண்டாவில் விரிப்புகள் ஊறிக் கிடந்தன. விடுதிக்காரனுக்கு மறுநாள் கொடுத்தாக வேண்டும். கேஸ் அடுப்பு பேச்சோடு நின்றிருந்தது. அவள் மணையில் உட்கார்ந்து பலகைகளை அடுக்கினாள், தீக்குச்சியை எடுத்தாள். கிழிக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போய், பின்சுவர்ச் சந்தில் யாராவது இருக்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் அடுப்பை மூட்டினாள்.